கடிக்காத செருப்பு

செருப்புக்குள் வெளியே தெரியாத இடம் ஒன்று உண்டு. காலைத் தாங்கும் மெத்தை ரப்பரும் தரையில் படும் கனத்த அடியும் ஒட்டுகிற இடத்தில், தோல் வாரின் நுனி உள்ளே போய்ப் பதுங்கிக்கொள்ளும். அந்த நுனியைத் தடியாக அப்படியே விட்டால் கட்டைவிரலுக்கு அடியில் சின்னதாக ஒரு மேடு தட்டும். கத்தியால் சீவிச் சீவிக் காகிதம்போல ஆக்கிவிட்டால் தட்டாது. அந்தச் சீவுகிற வேலை மாஸ்டரம்மாவுடையது. மாஸ்டர் தோல் வெட்டுவார், அடி ஒட்டுவார், தைப்பார். அவருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து இவளும் மாஸ்டரம்மா ஆகிவிட்டாள். பிறந்த வீட்டுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

ஒரு ஜோடிக்கு எட்டு நுனி. ஒரு நுனிக்கு அரை மணி நேரம். சீவி முடித்து, ஒட்டிக் காய்ந்ததும், கையை முஷ்டியாக்கிச் செருப்பின் மேல் ஊன்றி, உடம்புக் கனம் முழுவதையும் போட்டு அழுத்திப் பார்ப்பாள். முட்டியில் எதுவும் உறுத்தவில்லை என்றால்தான் அது பட்டறையை விட்டு வெளியே போகும். சாதாரணக் காலுக்கு இத்தனை சிரத்தை தேவையில்லை. கடித்தால் போட்டவன் வந்து சண்டை பிடிப்பான், சரிசெய்து கொடுத்துவிடலாம். இவள் சீவியது சண்டைக்கு வராத கால்களுக்காக.

அப்படிப்பட்ட முதல் கால் அவளுடைய அண்ணனுடையது. முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். சர்க்கரை வியாதி வந்து மெல்ல மெல்லப் பாதத்தில் உணர்ச்சி போய்விட்டது. ஒரு நாள் பிரேக்கில் கால் இருக்கிறதா பக்கத்தில் இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டி வந்தது. அன்றைக்கே வண்டியை ஓரங்கட்டிச் சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டு, பஸ் ஏறித் தங்கை வீட்டுக்கு வந்துவிட்டார். கல்யாணம் காட்சி என்று எதுவும் பண்ணிக்கொள்ளாத மனுஷர். "காலு ரெண்டும் லீவுல போயிடுச்சு பாப்பா, நான் மட்டும் டூட்டில இருக்கேன்" என்று சொல்லிச் சிரித்தார். பட்டறைக்குப் பின்னால் இருந்த அறை அவருடையதானது. அவர் காலைக் காகிதத்தில் வைத்துப் பென்சிலால் வரைந்து, அந்த அளவுக்கே மாஸ்டர் ஒரு ஜோடி செய்தார். அதைப் போட்டுக்கொண்டு அண்ணன் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, வரிசையில் உட்கார்ந்திருந்த சர்க்கரைக்காரர்கள் எல்லாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தார்கள். அவர்களில் இல்லாதவர்களுக்கு மாதம் நாலு ஜோடி சும்மா கொடுப்பது என்று புருஷனும் பெண்டாட்டியும் முடிவு செய்தது அதற்குப் பிறகுதான். வருஷக் கணக்கில் கொடுத்தார்கள். யாரும் கைதட்டவில்லை, இவர்களும் எதிர்பார்க்கவில்லை.

கைதட்ட ஆள் வந்தபோதுதான் கஷ்டம் பிடித்தது. தொழிலும் செய்துகொண்டு தர்மமும் செய்கிற சின்ன முதலாளிகளைத் தேடிப் பிடித்துத் தூக்கிவிடுகிற திட்டம் ஒன்று வந்தது. கொடுக்கிறவன் பெருத்தால் கொடுப்பதும் பெருக்கும் என்பது அவர்கள் யோசனை. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. தோல் வெட்டும் மெஷின் ஒன்றை இறக்கினார்கள். அச்சை வைத்து அழுத்தினால் ஒரே அமுக்கில் ஆறு செருப்புக்கான அடி வெட்டி வரும். பட்டறைக்குப் பக்கத்து அறையையும் வாடகைக்குப் பிடித்துக் கொடுத்தார்கள். இரண்டு பேர் சம்பளத்துக்கு வந்தார்கள். நாலு ஜோடி மாதம் அறுபது ஜோடியானது. இரண்டு வருஷம் முடியும்போது திட்டம் எவ்வளவு பலித்தது என்று மார்க் போடுவார்கள். தொண்ணூறுக்கு மேல் வந்தால் மெஷின் மாஸ்டருக்கே சொந்தம், குறைந்தால் வந்த வழியே திரும்பிப் போய்விடும்.

மார்க் போட வருகிறவளைத் தெருவில் அளவுப் பொண்ணு என்பார்கள். நல்ல பெண். வெயிலோ மழையோ மூன்று மாதத்துக்கு ஒருமுறை தோளில் பையும் கையில் டேப்லெட்டுமாக வந்து நிற்பாள். செருப்பு வாங்கியவர்களில் பத்துப் பேரைக் கம்ப்யூட்டர் பொறுக்கிக் கொடுக்கும். அவர்கள் வீடு தேடிப் போய்க் கேட்பாள். தினமும் போடுகிறீர்களா, பிடித்திருக்கிறதா, செருப்பு கடிக்கிறதா. கடிக்கவில்லை, கடிக்கவில்லை, கடிக்கவில்லை என்று பத்துப் பேரும் சொல்வார்கள். மற்ற ஊர்களில் சோப்புக் கொடுத்தவனுக்கும் ரொட்டி கொடுத்தவனுக்கும்கூட இப்படிச் சுத்தமான மார்க் கிடைக்கவில்லையாம். மாஸ்டர் பட்டறைதான் முதல் என்று அவள் சொல்லிவிட்டுப் போகும்போதெல்லாம் மாஸ்டர் இரண்டு நாளைக்கு மீசையைத் தடவிக்கொண்டிருப்பார்.

அறுபது ஜோடி வந்தபிறகு காகிதத்தில் கால் வரைவது நின்றது. ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது என்று நம்பர் அச்சு. சீவுகிற வேலை ஒரு வருஷத்துக்கு மேல் இழுபட்டது. மாஸ்டரம்மா விடிந்ததும் உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை சீவினாள்; கட்டைவிரல் மரத்துப்போனது. பிறகு ஒரு நாள், "ஒட்டுனப்புறம் மெஷின்லயே ஒரு அமுக்கு அமுக்கிட்டா சமமாயிடும், விடு" என்று மாஸ்டர் சொன்னார். அவளும் ஒரு ஜோடியை ஊன்றிப் பார்த்தாள், சமமாகத்தான் இருந்தது. விட்டுவிட்டாள். அன்றைக்குச் சமமாக இருந்தது என்னவோ நிஜம். நடக்க நடக்க மெத்தை ரப்பர் அமுங்கும், தோல் அமுங்காது என்பது செருப்புத் தைக்கிற வீட்டில் தெரியாத சங்கதியும் இல்லை. அதை நினைத்துப் பார்க்க யாருக்கும் பொழுதில்லை.

அண்ணனும் மெஷின் செருப்புதான் கேட்டு வாங்கினார். எனக்கு மட்டும் என்ன தனிச் சீர், ஊருக்குள்ளதே போதும் என்று சொல்லிவிட்டார். அந்தத் தடவை கம்ப்யூட்டர் பொறுக்கின பத்தில் அவரும் ஒருவர். வீட்டு ஆளாச்சே என்று அளவுப் பொண்ணு தயங்கினாள். ஆனால் வந்த பெயரை மாற்ற அவளுக்கு உரிமையில்லை. அண்ணனும் மனசறிய உண்மையைத்தான் சொன்னார், கடிக்கவில்லை என்று.

மழை பிடித்துக்கொண்டு ஐந்தாறு நாளாக விடவில்லை. பட்டறையில் பசை காயவில்லை, துணி காயவில்லை, எல்லாவற்றிலும் ஒரு பூஞ்சை வாடை. பின்னறையில் வந்த வாடை மட்டும் வேறாக இருந்தது. எலி செத்துக் கிடக்கிறது என்று நினைத்து மாஸ்டரம்மா கட்டிலுக்கு அடியில் விளக்கமாற்றை விட்டுத் துழாவினாள். பழைய டிபன் பெட்டி, ஒற்றைச் சாக்ஸ், லாரிக் கண்ணாடியில் தொங்கவிட்டிருந்த பிளாஸ்டிக் பூ. எலி இல்லை. அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன பாப்பா தேடற?"

"வாடை வருதே, உனக்கு வரல?"

"இந்த வீட்ல தோல் வாடை வராத நாள் எது."

நிமிர்ந்தபோது அவள் முகத்துக்கு நேராக அவர் கால் இருந்தது. கட்டைவிரலுக்கு அடியில் தோல் வெளுத்து உரிந்து, நடுவில் எட்டணாக் காசு அளவுக்குக் கறுப்பாக ஒரு குழி. அவள் விரலை வைத்ததும் அது உள்ளே போனது. போய்க்கொண்டே இருந்தது. அண்ணன் கஞ்சியை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, உப்புக் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது என்றார்.

ஆஸ்பத்திரியில் எலும்புவரை போய்விட்டது என்றார்கள். மருந்துக்குக் கேட்கிறதா என்று பத்து நாள் பார்க்கலாம், கேட்காவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருக்கும். அண்ணனைச் சேர்த்துவிட்டு வீட்டுக்கு வந்தவள் நனைந்த சேலையோடு நேராகப் பட்டறைக்குப் போனாள். அவர் செருப்பைக் கல்லின் மேல் வைத்துக் கத்தியால் பிளந்தாள். சீவாத வார் நுனி, அமுங்கிப்போன ரப்பருக்குள் மொண்ணை ஆணிமாதிரி நின்றுகொண்டிருந்தது. அதை யாரும் அவளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"நான்தாங்க வெட்டினேன் அவரு காலை," என்றாள். "டாக்டர் எடுக்கப்போறது மிச்சத்தை."

மாஸ்டர் மெஷினை நிறுத்திவிட்டு, வேலைக்காரர்கள் இரண்டு பேரையும் டீ குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினார்.

"சீவாம விட்ட ஏழு மாசத்துல இதே மாதிரி நானூத்திப் பன்னெண்டு ஜோடி வெளிய போயிருக்கு," என்றாள் அவள்.

"எல்லாத்துக்கும் இப்படி ஆகும்னு ஏன் நினைக்கற? பத்துப் பத்துப் பேரா கேட்டாங்களே, ஒருத்தராவது கடிக்குதுன்னாங்களா?"

"எங்க அண்ணனும்தான் கடிக்கலைன்னாரு."

மாஸ்டர் விடவில்லை. மெதுவாக, கெஞ்சுகிற குரலில் கணக்குச் சொன்னார். மார்க் போட இன்னும் மூன்று வாரம்தான். அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டால் மெஷின் நம்முடையது. அடுத்த மாதத்திலிருந்து ஒவ்வொன்றாகச் சீவிக்கொள்ளலாம், பழையதையும் ஓசைப்படாமல் மாற்றிக் கொடுத்துவிடலாம். இப்போது வாயைத் திறந்தால் மெஷின் போகும், அறை போகும், இரண்டு பேர் வேலை போகும், பழைய நாலு ஜோடிகூடக் கொடுக்க முடியாமல் போகும். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அவளுக்கும் அது தெரிந்தது. ஆனால் அந்த மூன்று வாரமும் அவர்கள் நடந்துகொண்டிருப்பார்களே என்றுதான் அவளுக்குப் பட்டது.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அப்படியே ஒரு பெரிய பையோடு வீடுவீடாகக் கிளம்பினாள். செருப்பைத் திருப்பிக் கொடுங்கள், ஒரு தப்பு நடந்துவிட்டது, வேறு செய்து தருகிறேன். இது சுலபமாக முடிகிற காரியம் என்று நினைத்துவிட்டாள். கதவு திறந்த எல்லாரும் அவளைச் சந்தோஷமாக உட்காரவைத்தார்கள். செருப்பைத் திருப்பிக் கேட்டதும் முகம் மாறியது. எத்தனை மெத்தென்று இருக்கிறது, இதைப் போய்க் கொடு என்கிறாளே. இலவசமாகக் கொடுத்துவிட்டு இப்போது யாருக்கோ விற்கப் பார்க்கிறாள் என்று ஒரு வீட்டில் காதுபடவே பேசினார்கள். கடிக்கவில்லை, கடிக்கவில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். கெஞ்சிக் கூத்தாடி, நாலு நாளில் பதினொரு பேர் காலைத் தூக்கிப் பார்த்தாள். நாலு பேருக்குப் புண் இருந்தது. அந்த நாலு பேரும் அவள் காட்டின பிறகுதான் கண்டார்கள், செருப்பையும் கழற்றிக் கொடுத்தார்கள்.

அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் வாசலில் நிற்கிற வாட்ச்மேன் பன்னிரண்டாவது ஆள். நாளெல்லாம் நிற்கிற உத்தியோகம். குள்ளமான, கஞ்சி போட்ட சட்டைக்குள் விறைப்பாக நிற்கிற மனிதர். சாக்ஸுக்கு மேல் இவர்கள் கொடுத்த செருப்பை மாட்டி, துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார்.

"ஒரு நிமிஷம் சாக்ஸைக் கழட்டுங்கண்ணே, அடிப்பாதத்தைப் பாத்துட்டுப் போயிடறேன்."

"வாசல்ல நின்னுகிட்டு பொம்பள முன்னாடி காலைத் தூக்கிக் காட்டச் சொல்றியா? நல்லா இருக்கே."

"உள்ள புண்ணு இருந்தாலும் உங்களுக்குத் தெரியாதுண்ணே."

"என் காலு எனக்குத் தெரியாதாம்மா?"

அவர் கோபப்படவில்லை, கொஞ்சம் வேடிக்கையாகத்தான் கேட்டார். கார் ஒன்று வந்தது, சல்யூட் அடிக்கப் போய்விட்டார். மழை வலுத்துக்கொண்டிருந்தது, அண்ணனுக்கு மாத்திரை கொடுக்கிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. கையில் ஒரு புதுச்செருப்போடு வந்தால் கழற்றிவிடுவார் என்று நினைத்து, குடைக்கு அடியில் அவர் காலைச் சுற்றிக் கண்ணாலேயே அளவெடுத்துக்கொண்டு அவள் திரும்பிவிட்டாள்.

அளவுப் பொண்ணிடம் அவளே போய் எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் பெண் கேட்டுக்கொண்டே இருந்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. கேட்பதை விட்டுவிட்டு, போகிற வீட்டிலெல்லாம் காலைத் தூக்கிப் பார் என்று மாஸ்டரம்மா சொன்னாள்.

"பாக்கறேன்க்கா, நான் பாத்துடுவேன். ஆனா எழுத முடியாது. முதல் நாள் என்ன கேள்வி கேட்டமோ கடைசி வரைக்கும் அதையேதான் கேக்கணும். நடுவுல மாத்தினா ரெண்டு வருஷத்து அளவும் செல்லாம போயிடும்னு சொல்றாங்க."

"செல்லாமலே போகட்டுமே."

"உங்க ஒரு பட்டறை இல்லக்கா. நூத்தி நாப்பது பேரு இருக்காங்க இந்தத் திட்டத்துல. எல்லாரும் ஏதோ ஒண்ணு யாருக்கோ குடுக்கறவங்கதான்." கொஞ்சம் தயங்கிவிட்டு, திருப்பி வாங்கின செருப்பெல்லாம் கொடுத்த எண்ணிக்கையில் கழியும், பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னாள். இருந்தும் தன் மேலதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினாள். அடுத்த கட்டத்தில் கவனிக்கப்படும் என்று பதில் வந்தது.

மருந்துக்குக் கேட்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை அண்ணனின் வலது காலை முழங்காலுக்கு ஒரு சாண் கீழே எடுத்தார்கள். மயக்கம் தெளிந்ததும் போர்வையைத் தடவிப் பார்த்துவிட்டு, "லீவு முடியறதுக்குள்ளயே ரிட்டையர் பண்ணிட்டாங்களா" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவரே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது. லாரிக்காரர் அழுது அவள் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

கடைசி அளவு அந்த வாரத்தில்தான் வந்தது. கம்ப்யூட்டர் இந்த முறையும் அதே பத்துப் பேரைத்தான் கேட்கச் சொல்லியிருந்தது. அளவுப் பொண்ணு டேப்லெட்டைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு வார்டுக்குள் வந்தாள். வர மனசில்லாமல் இரண்டு நாள் தள்ளிப்போட்டாளாம். மாஸ்டர் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். அங்கே உட்கார இப்போது நிறைய இடம் இருந்தது.

"கேளும்மா," என்றார் அண்ணன். "உன் வேலையை நீ செய்யணும்ல."

அவள் தலையைக் குனிந்துகொண்டே படித்தாள். கடந்த மூன்று மாதத்தில் இந்தச் செருப்பு உங்களைக் கடித்ததா?

"கடிக்கலைம்மா. ஒரு நாள்கூடக் கடிக்கல. அதனாலதான் போச்சு. அதையும் சேத்து எழுதிக்க."

"ஆமா, இல்லை, ரெண்டுல ஒண்ணுதான் இருக்கு அண்ணே."

அப்போது மாஸ்டர் எழுந்தார். மூன்று வாரமாக மீசையைத் தொடாத மனிதர்.

"கடிச்சுதுன்னு எழுது," என்றார். "செஞ்சவன் நான் சொல்றேன். நான் வெட்டின அடி, நான் வேணாம்னு சொன்ன சீவல். இவருக்கு மட்டுமில்ல, பத்துப் பேருக்கும் கடிச்சுதுன்னு எழுது. மெஷினை நாளைக்கே வந்து எடுத்துட்டுப் போகச் சொல்லு."

அந்தப் பெண் டேப்லெட்டை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள். வாங்கியவர் பதில் என்று மட்டும்தான் அதில் இருந்தது. செய்தவர் சொல்வதை எழுத இடமே இல்லை. மாஸ்டர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணன் சொன்னது உண்மை, பத்துப் பேர் சொன்னதும் உண்மை. இல்லை என்ற இடத்தில் விரலை வைத்துவிட்டு அவள் அழுதுகொண்டே போனாள்.

திருப்பி வாங்கின ஜோடிகள் கழிந்தும் தொண்ணூற்று நாலு மார்க் வந்தது. மெஷின் உங்களுக்கே சொந்தம், வாழ்த்துகள், வருகிற வருஷத்துக்கு மாதம் நூற்றிருபது ஜோடி என்று வைத்துக்கொள்ளலாமா என்று கடிதம். மாஸ்டர் அதைப் படித்துவிட்டு மடித்துத் தரையில் வைத்தார். மெஷினின் மேல் ஒரு சாக்கைப் போட்டு மூடிவிட்டு, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, பையை எடுத்து மனைவியோடு தெருவில் இறங்கினார். எத்தனை பேரைத் தேடிப் பிடிக்க முடியும் என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை. ஒரு நாளைக்கு நாலு வீடு, அவள் சீவி அவர் தைத்து இரண்டு நாளைக்கு ஒரு ஜோடி. நானூற்றுச் சொச்சம் இருக்கிறது.

வாட்ச்மேனுக்கு என்று தனியாக ஒரு ஜோடி செய்து எடுத்துப்போனார்கள். கட்டடத்து வாசலில் வேறு ஆள் நின்றான். வீட்டு விலாசம் வாங்கி, சேற்றுச் சந்துக்குள் தேடிக் கண்டுபிடித்தார்கள். அவர் மனைவி கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்களாம். சாக்ஸைக் கழற்றினபோதுதான் கால் கறுத்திருந்தது தெரிந்ததாம். மூன்றாம் நாளே போய்விட்டார். பதினெட்டு நாள் ஆகிறது. அவள் எல்லாவற்றையும் அழுது தீர்ந்த குரலில் சொன்னாள். செருப்புக் கொடுத்த வீடு என்று தெரிந்ததும், நன்றி சொல்கிறமாதிரி மாஸ்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சாகற வரைக்கும் உங்களைப் பத்திப் பெருமையாச் சொல்லுவாருங்க. நல்ல செருப்பு, தூக்கிப் போட மனசு வரல. நாலு நாளா நான்தான் போட்டுகிட்டிருக்கேன்."

இரண்டு பேரும் அவள் காலைப் பார்த்தார்கள்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். இந்தா, இங்க, கட்டைவிரலுக்கு அடியில. ரெண்டு எட்டு வைக்கறதுக்குள்ள உயிர் போகுது. அவரு ஒரு நாளும் கடிக்குதுன்னு சொன்னதில்லையே. எனக்கு மட்டும் ஏங்க கடிக்குது?"